இடது பக்க நாற்காலி

தண்ணீர் உச்சந்தலையில் பட்டதும் ஏகாம்பரத்தின் உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. வருஷா வருஷம் இதே நாளில், பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் மதிலுக்கு எதிரே இருக்கும் இதே சலூனில், இதே தண்ணீர்தான். இருந்தும் முதல் பீச்சல் விழும்போது எங்கோ மலைப்படியில் வெறுங்காலோடு நிற்பது போலப் பாதம் கூசும். தாமோதரன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் ஈரத்தை வேர்க்கால் வரை இறக்கினான். "எழுபது தாண்டிடுச்சுன்னு சொன்னா எவன் சார் நம்புவான்? தலை வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒரு கீறல் கிடையாது" என்றான். புகழ்ச்சியாகத்தான் சொன்னான். ஏகாம்பரம் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் அதன் கீழே இருந்த பவுடர் டப்பா, படிகாரக் கட்டி, டெட்டால் கிண்ணம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். கீறல் கிடையாது. குதிரைக்கு மயிர் வெட்டுகிற கத்திரியால் போலீஸ்காரன் சிரைத்த தலை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படத்தோடு பாடம் இருக்கிறது. அந்தத் தலையைப் பத்து வருஷமாகக் கையால் தடவிப் பார்க்கிறவன் கீறல் கிடையாது என்கிறான், அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் அவன் யோசிப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் நேசன் உட்கார்ந்திருந்தான். அவன் தலையை நனைத்துக்கொண்டிருந்த தாமோதரனின் மைத்துனன் செங்கோடன் கையை நிறுத்திவிட்டு, "என்ன பெரியவரே, தலை பூரா தழும்பா இருக்கு? மேடும் பள்ளமுமா ரோடு மாதிரி?" என்று கேட்டான். நேசன் காது மந்தமானவர்களுக்கே உரிய சத்தத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி, "வெள்ளைக்காரன் போட்ட ரோடு தம்பி. பார்த்து ஓட்டு" என்றான். தாமோதரனும் செங்கோடனும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார். சிரிப்பு தொண்டையிலிருந்து கிளம்பி உதட்டுக்கு வருவதற்குள் புளித்துப்போயிற்று.

பத்து மணிக்குக் கார் வரும். கடற்கரைக்குப் போகும். மேடையில் மந்திரி இருப்பார், வெண்கலத்தில் செய்த ஏகாம்பரத்தின் தலை ஒரு துணிக்குள்ளே இருக்கும், மணலில் ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்களும் தலையை மழித்துக்கொண்டு நிற்பார்கள். இன்று மொட்டை நாள். விடுமுறை. இதுவரை எந்த மொட்டை நாளிலும் மேடை ஏறாத நேசன், கூப்பிட்டவர்களிடமெல்லாம் எனக்கு ஜுரம், எனக்கு முட்டிவலி என்று தட்டிக் கழித்த மரியநேசன், அவர்கள் இருவரும் வாசித்த 'கரும்புகை' பாட்டுக் குழுவின் டிரம்மர், இந்த வருஷம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு நேற்று போன் செய்தான். "ஏகா, நான் நாளைக்கு மைக்குல பேசறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். காலையில சலூனுக்கு வந்துடறேன், எனக்கும் அடிச்சு விடச் சொல்லு." என்ன விஷயம்? தூக்கம் போயிற்று. அவனுக்குத் தெரிந்துவிட்டதா? யார் சொல்லியிருப்பார்கள்? தெரிந்த ஒரே ஆள் அம்மா, அம்மாவைக் காசிமேட்டுச் சுடுகாட்டில் எரித்து எத்தனையோ வருஷமாயிற்று. அவன் தெரியாமலே மேடை ஏறி, என் நண்பனை அவர்கள் சிரைத்ததால்தான் நான் கை ஓங்கினேன் என்று இத்தனை ஜனத்துக்கு முன்னால் வாயால் சொல்லிவிட்டால் அது அதைவிட மோசம். அதுவரை புத்தகம் சொன்ன பொய், போட்டோ சொன்ன பொய். இனிமேல் நேசன் சொன்ன பொய்யாகிவிடும். அவனைப் பொய்யனாக்கிவிட்டுத் தான் பக்கத்தில் மாலையோடு நிற்க வேண்டும். கார் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இந்தச் சவரம் முடிவதற்குள். தாமோதரன் புது பிளேடை ஒடித்துக் கத்தியில் மாட்டுகிற சத்தம் கேட்டது, டிக் என்று.

வெள்ளைக்காரன் நாற்பத்தேழில் வடக்கை விட்டுக் கப்பல் ஏறியபோது தெற்கை விடவில்லை. சென்னை மாகாணம் அதற்குப் பிறகும் ஒரு தலைமுறைக் காலம் அவன் கையில்தான் இருந்தது. கோட்டையில் அவன் கொடி, ஒர்க்‌ஷாப்பில் அவன் சங்கு, ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடையில் அவன் பாட்டு. ஏகாம்பரம் பிறந்ததே அந்தக் கொடியின் கீழேதான். இன்ஸ்டிடியூட்டில் சனிக்கிழமை நடனத்துக்கு கிடார் வாசிக்கிற சட்டைக்காரர்களை, ஆங்கிலோ இந்தியர்களை, வேலி இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். லைசென்ஸ் வாங்கிய மேடையில் இங்கிலீஷ் பாட்டுதான் பாடலாம், எலெக்ட்ரிக் கிடாரில் தமிழ் பாடினால் அது கூட்டம் கூட்டிய குற்றம். அப்புறம் காலர் விதி: ஆம்பிளையின் முடி சட்டைக் காலரைத் தொட்டால் எந்தப் போலீஸ்காரனும் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்ச் சிரைக்கலாம். நேசனின் அப்பா பாய்லர் ஷாப்பில் ரிவெட் அடிக்கிறவர். சுத்தியல் தாளத்தைக் கேட்டே நேசன் டிரம் கற்றுக்கொண்டான், யாரிடமும் போகவில்லை. பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் செய்தார்கள். முதன்முதலில் ஏகாம்பரம் அதில் தமிழில் கத்தியபோது ஓட்டேரிப் பக்கத்துத் தெருவில் விளக்கெல்லாம் மங்கிற்று. அது நிஜம். அது நிஜமாக நடந்தது, அதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார், ராத்திரி முழித்துக்கொண்டால். முடியைத் தோள் வரை வளர்த்ததும் நிஜம். போலீஸ் வந்தால் அதைச் சுருட்டித் தலைப்பாகைக்குள் சொருகிக்கொண்டு கூலிக்காரன் மாதிரி நழுவியதும் நிஜம். கோயம்புத்தூர் மில் வாசலில் லாரியின் மேல் நின்றும் மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாட்டுக் கொட்டகையிலும் பாடியதும் நிஜம். பாட்டு ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்குத் துணை: 'எட்டு மணிக்குச் சங்கு ஊதும், ஊதட்டும், நான் வரமாட்டேன்.' ஒர்க்‌ஷாப் தொழிலாளிகள் அந்த வரி வரும்போது செருப்பைக் கழற்றி மேலே வீசுவார்கள். வரமாட்டேன், வரமாட்டேன். தொண்டை கிழியும்.

அந்தச் சங்கு ஊதுகிற இடத்துக்குத்தான் அவர் மனுப் போட்டிருந்தார். டைம் ஆபீஸில் கிளார்க் வேலைக்கு. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எவன் சங்குக்குப் பிந்தினான் என்று குறித்துச் சம்பளத்தில் கழிக்கிற வேலை. அம்மாதான் மனுவை எடுத்துக்கொண்டு அலைந்தாள், ஆனால் கையெழுத்து அவருடையது. அதை அவள் மேல் தள்ள முடியாது. குழுவில் யாருக்கும் தெரியாது. பாட்டில் சோறு இல்லை, மில் வாசலில் கை தட்டுகிறவன் மறுநாள் மறந்துவிடுகிறான், இருமலோடு அப்பா, வாடகை, எல்லாம் காரணம்தான். ஒரு காரணமும் பாட்டை விடப் பெரிதாக அப்போது தோன்றவில்லை, பாட்டு அவற்றை விடச் சின்னதாகத் தோன்றிற்று, அவ்வளவே. அம்மா முருகனிடம் பேரம் பேசி வைத்திருந்தாள்: "இவனுக்குக் கவர்மெண்ட் வேலை ஒண்ணு கிடைச்சா, இந்தக் குதிரைவாலை உன் மலையிலேயே எறக்கிடறேன்டாப்பா." கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். வெள்ளிக்கிழமை அரக்கோணம் வண்டியைப் பிடித்துத் திருத்தணிக்குப் போனார்கள். மொட்டை போடுகிற மண்டபத்தில் தரையெல்லாம் ஈரம், ஈரத்தில் முடி, குழந்தைகளின் அழுகை. அவர் பங்குக்கு ஒரு கிழவர் வந்தார். தண்ணீரைத் தலையில் தேய்த்து அரோகரா என்று முனகிவிட்டு நெற்றியிலிருந்து பின்னால் ஒரே இழுப்பு. வலிக்கவே இல்லை. தோள் வரை இருந்த முடி மடியில் விழுந்தது. எடை இருந்தது, ஒரு பூனைக்குட்டியின் எடை. கிழவர், "இவ்வளவு முடிய நான் பொம்பளைகளுக்குத்தான் எறக்கியிருக்கேன்" என்றார். அம்மா சந்தனத்தைக் குழைத்துத் தலை பூராத் தடவினாள். சில்லென்று இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. மற்றதைக்கூட ஒரு மாதிரி விளக்கிக்கொள்ளலாம்.

"சார், தலையைக் கொஞ்சம் தாழ்த்துங்க." தாழ்த்தினார். கத்தி நெற்றியில் தொடங்கி மேலே போயிற்று. தாழ்த்துங்க. குனியுங்க. மறுநாள் சனிக்கிழமை, இன்ஸ்டிடியூட் மைதானத்தில் கச்சேரி. கடைசிக் கச்சேரி என்று அவருக்கு மட்டும் தெரியும். முடிந்த பிறகு பையன்களை உட்கார வைத்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். மலையில் சாமி பார்க்கக் கூட்டம், ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதாயிற்று, திரும்பும்போது வண்டி தாமதம், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து நேராக ஓடினார். குழாயடியில் சந்தனத்தைக் கழுவினார். இருட்டில் மேடையின் பின்படி. நேசன் ஏற்கெனவே டிரம்முக்குப் பின்னால் குச்சியைத் தட்டிக்கொண்டிருந்தான், கூட்டம் ஏகா ஏகா என்று கத்துகிறது, பேச நேரமில்லை. மைக்குக்கு முன்னால் போய் நின்று துண்டை அவிழ்த்தார். விளக்குப் போட்டார்கள். அப்போது விழுந்த அமைதியை அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. மைதானத்தில் ஒருத்தன் இருமியதுகூடக் கேட்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு குரல், "சிரைச்சுட்டாங்கடா! நம்ம ஏகாவை மொட்டை அடிச்சுட்டாங்கடா!" மைக் கையில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும். இல்லப்பா, திருத்தணிக்குப் போயிருந்தேன். சிரித்திருப்பார்கள், செருப்பை வீசியிருப்பார்கள், கச்சேரி நடந்திருக்கும், திங்கட்கிழமை வந்திருக்கும். வாயைத் திறந்தார். அதற்குள் அந்தச் சத்தம் வந்து மோதிற்று. கைதட்டல் இல்லை, அழுகை. பெரிய பெரிய ஆம்பிளைகள், பாய்லர் ஷாப் ஆட்கள், அவருக்காக ஓவென்று அழுதார்கள். நெஞ்சுக்குள் ஏதோ விரிந்தது. இதற்குத்தானே இத்தனை வருஷம் கத்தினோம் என்று தோன்றியது. அவர் வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டதோடு நிற்கவில்லை. தலையைக் குனிந்தார். மெதுவாக, அளவாக, மேலிருந்து வருகிற விளக்கு எங்கே விழும் என்று பார்த்து அந்த இடத்தில் கொண்டுபோய் உச்சந்தலையை வைத்தார். அந்தக் கணத்தில்தான் யாரோ போட்டோ எடுத்தது. அந்தக் குனிதலைத்தான் வெண்கலத்தில் வார்த்துத் துணியால் மூடி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். அன்று ராத்திரியே மைதானத்துக்கு வெளியே தடியடி. நேசன் டிரம்மை உதைத்துத் தள்ளிவிட்டு, சிம்பலைக் கையில் எடுத்துக்கொண்டு போலீஸ் வண்டியைப் பார்த்து ஓடினான். ஸ்டேஷனில் அவனை நிஜமாகவே சிரைத்தார்கள், கத்திரியால், ரத்தம் காலர் வரை வழிய. இடது காதோடு சேர்த்து ஒரு அறை. அந்தக் காதுக்குள் அதற்கப்புறம் எப்போதும் சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறதாம், வெளியே எதுவும் கேட்காதாம். காது போன டிரம்மரை எவன் வைத்துக்கொள்வான்? ஜெயிலிலிருந்து வந்து சைக்கிள் கடை வைத்தான். மதுரையில், திருச்சியில், நாகர்கோவிலில் பையன்கள் தாங்களே மொட்டை அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். இப்போது சிரைடா, என்னத்தைச் சிரைப்பாய் என்று. பெண்களும் வந்தார்கள். பின்னால் அவர் மனைவியான கோமளா அப்படித்தான் வந்தாள். ராணி காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், முழங்காலைத் தொடுகிற பின்னலை ஹாஸ்டல் அறையில் தானே அறுத்துக்கொண்டாள். அவளுடைய அம்மா, தாலி கட்டுவதற்கு முன்னாலேயே தாலி அறுத்தவளாகிவிட்டாயே என்று மண்ணை வாரித் தூற்றினாளாம். "உங்க தலையைப் பேப்பர்ல பார்த்தேன், கை தானா கத்திரிக்கோலுக்குப் போயிடுச்சு" என்று கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னாள். கோமளாவுக்கு முடி மறுபடியும் அந்த நீளத்துக்கு வளரவே இல்லை. தோளுக்குக் கீழே வந்தால் கொட்டிவிடும். அவளுக்குச் சீவிவிடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சீப்பில் சுருண்ட முடியைப் பிரித்துக் குப்பையில் போடுவார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் அதுவும் எல்லாம் கொட்டிப்போய், "பாருங்க, கடைசியில நானும் உங்கள மாதிரியே" என்று சிரித்தாள். அப்போதும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை, கோட்டையில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஊரெல்லாம் பட்டாசு வெடித்த அன்று, அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "சாமிக்குக் குடுத்த முடிய சர்க்கார் எடுத்த முடின்னு ஆக்கிட்டியேடா." அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை. திருத்தணிப் பக்கம் அவர் போகவே இல்லை.

மொட்டைக்கு அப்புறம் டைம் ஆபீஸுக்கும் போகவில்லை, ஒரு பாட்டும் எழுதவில்லை. இதை யாராவது கவனித்திருக்கிறார்களா? விருது கொடுத்தார்கள், கலை மன்றத்தில் நாற்காலி கொடுத்தார்கள், வரமாட்டேன் பாட்டை பேண்டு வாத்தியத்தோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பாடினார்கள், சங்கு ஊதும் ஊதட்டும் என்று, டீச்சர் கை காட்டின இடத்தில் நிறுத்தி. ஒரு பெண் குழந்தை, "வலிச்சுதா தாத்தா?" என்று கேட்டது. "தலையில வலிக்கலை கண்ணு" என்றார் அவர். அந்தக் குழந்தையிடம் ஒரு தடவையாவது பொய் சொல்லக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார். மறுநாள் அது பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. இப்போது பனியனில்கூட அச்சடித்து விற்கிறார்கள். உண்மையைச் சொன்னாலும் அது போய் அந்தப் பொய்யின் கழுத்தில் மாலையாக விழுந்துவிடுகிறது. என்ன செய்ய?

"காதுக்குப் பின்னால மெதுவா, தாமோதரா" என்றார். அந்த இடத்தில் எப்போதும் ஒரு கூச்சம். தாமோதரன் காது மடலை மடக்கிப் பிடித்து வழித்தான். பாதித் தலை முடிந்திருந்தது. வெளியே ஒர்க்‌ஷாப் மதிலின் நிழல் சலூன் வாசல்படியை விட்டு இறங்கிப்போயிருந்தது. இப்போது சொன்னால்தான் உண்டு. நேசன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான், செங்கோடன் கத்தி தழும்பு தழும்பாக ஏறி இறங்கிற்று. "நேசா" என்றார். பிறகு மளமளவென்று, எங்கே நிறுத்தினால் மறுபடியும் நின்றுவிடுமோ என்று பயந்து, கண்ணாடிக்குக் கீழே இருந்த படிகாரக் கட்டியைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். திருத்தணி, வேண்டுதல், டைம் ஆபீஸ், எல்லாம். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டன. தாமோதரனின் கை ஒரு கணம் நின்று மறுபடியும் நகர்ந்தது. ரோட்டில் போன தண்ணி லாரியின் இரைச்சலில் அவனுக்கு எவ்வளவு கேட்டதோ. நேசன் அசையவில்லை. கோபமா? அப்புறம் கண்ணைத் திறந்தான். "என்னடா, ஏதாவது சொன்னியா?" என்றான் சத்தமாக.

ஒன்றுமில்லை என்று ஏகாம்பரம் கையாட்டினார். நெஞ்சுக்குள் அப்பாடா என்று இருந்தது. மலையில் சந்தனம் பட்டபோது இருந்த அதே அப்பாடா, கொஞ்சமும் வயசாகாமல். அந்த அப்பாடாவை அடையாளம் கண்டுகொண்டபோதுதான் கண்ணாடியில் பார்த்தார். மூன்று நாற்காலி. நடுவில் நேசன். நேசனின் வலது பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நேசனின் இடது பக்கம் தான். நேசன் நடு நாற்காலியில் முதலில் உட்கார்ந்தான். தான் அப்புறம்தான் உள்ளே வந்தது. வலது பக்க நாற்காலிக்குத்தான் வாசலிலிருந்து கிட்டே. அதைத் தாண்டி, நேசனின் காலைத் தாண்டி, ஸ்டூலை நகர்த்திவிட்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஏன்? இன்றைக்கு மட்டுமா? கொடியிறங்கின நாள் ஊர்வலத்தில் எந்தப் பக்கம் நடந்தார்? சைக்கிள் கடையில் அவருக்கென்று போடுகிற ஸ்டூல் எந்தப் பக்கம்? கோமளாவின் காரியத்துக்கு வந்தவனைத் தோளில் கை போட்டு அழைத்துப் போனது எந்தப் பக்கத்துத் தோள்? எல்லாம் இடது. எல்லாமே இடது. அவர் யோசித்துச் செய்ததாக ஞாபகமே இல்லை. மனசுக்குத் தெரியாமல் காலே கற்றுக்கொண்டுவிட்டது. அவனிடம் எத்தனையோ தரம் சொல்ல முயற்சி செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லி வந்ததும் பொய்யில்லை. போலீஸ்காரன் அடைத்துவிட்டுப் போன காதில் சொல்ல முயற்சி செய்திருக்கிறார். அவன் ஒரு தரம் அறைந்தான். இவர் அந்த அறையை நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.

"நான் பேசணும்னு சொன்னேன்ல" என்றான் நேசன். கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "கார் வந்துடும். சொல்லிடறேன். நீ குறுக்கே பேசாத, பேசினாலும் எனக்குக் கேக்காது." செங்கோடன் சிரித்தான். நேசன் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ஒருத்தன் கத்தினான்ல? மொட்டை அடிச்சுட்டாங்கடான்னு? எவன்னு தெரியுமா உனக்கு?" ஏகாம்பரம் இல்லை என்று தலையை ஆட்டினார், கத்தி விலகிக்கொண்டது. "நான்தான்டா." "எங்க மாமா ஒருத்தரு டைம் ஆபீஸ்ல இருந்தாரு, உனக்குத் தெரியாது. உன் ஆர்டரு அவரு கை வழியாத்தான் போச்சு. திங்கட்கிழமை உங்க பாட்டுக்காரன் எங்ககிட்ட வர்றான்டான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எனக்குச் சோறு எறங்கலை. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன், நீ சொல்லலை. அன்னிக்கு நீ துண்ட அவுத்ததும் பார்த்தேன். எல்லாரும் உன்ன முன்னால பார்ப்பான், டிரம்காரன் பின்னாலதான பார்க்கணும்? காதுக்குப் பின்னால சந்தனம் காஞ்சு போய் ஒட்டியிருந்துச்சு. வாசனை வேற. நேர்ந்துக்கிட்டு அடிச்ச மொட்டைன்னு பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. போயிடுவான், இன்னிக்கு விட்டா போயிடுவான்னு நினைச்சேன். கத்திட்டேன். அவ்வளவு பெருசா ஆகும்னு நான் கண்டேனா?" மூச்சு வாங்கினான். தழும்புகளுக்கு நடுவே சோப்பு நுரை வழிந்து புருவத்தில் நின்றது, செங்கோடன் துடைக்க மறந்து நின்றான். "உன் சோத்துல மண்ண அள்ளிப் போட்டேன்டா ஏகா. பென்ஷனோட உக்காந்திருக்க வேண்டியவன். மைக் உன் கையிலதான் இருந்துச்சு, இல்லடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா நான் பொய் சொல்லிட்டேன்னு ஆயிடும்னு, என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு, வாய மூடிக்கிட்ட. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்ன பாரு, அத பின்னாலேருந்து பார்த்தேன். கூனிக் குறுகி. அப்பத்தான் எனக்கு வெறி வந்து ஓடினேன். போலீஸ் மேல இல்ல, என் மேல. இத்தன வருஷம் என் பொய்ய நீ செமந்துக்கிட்டு நிக்கற, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த மேடையில ஏறுவேன்? அதான் வரலை. இன்னிக்கு ஏறி எல்லாத்தையும் சொல்லிடறேன். கத்தினது நான், அவன் தங்கமானவன், எனக்காகத் தாங்கிக்கிட்டான்னு. சரின்னு சொல்லு."

சரி என்று சொன்னால் போதும். சொல்லக்கூட வேண்டாம், தலையசைத்தால் போதும், கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். எல்லாம் கழுவினாற்போல் ஆகிவிடும். பொய்யும் வெளியே வந்துவிடும், அவரும் தங்கமாகிவிடுவார். புத்தகத்தில் பாடத்தை மாற்றி எழுதுவார்கள், நண்பனுக்காக மௌனம் காத்தவர் என்று, அதற்கும் படம் போடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. கழுத்துச் சதை தானாகவே இளகிற்று. தலை குனியத் தொடங்குவது தெரிந்தது, மெதுவாக, அளவாக. கண்ணாடிக்கு மேலே எரிந்த டியூப் லைட்டின் வெளிச்சம் மழித்த பாதியில் பளிச்சென்று விழுந்தது. அந்தப் பளிச்சை அவரே கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

போர்வைத் துணியை விலக்கிக்கொண்டு எழுந்தார். தாமோதரன் கத்தியைச் சட்டென்று உயர்த்தி, "சார், சார், பாதி இருக்கு" என்றான். அவர் நிற்கவில்லை. கழுத்தில் துணி தொங்க, ஒரு பக்கம் வழித்தும் ஒரு பக்கம் நனைந்த நரைமுடியும் நுரையுமாக, நேசனின் நாற்காலிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போனார். செங்கோடன் ஒதுங்கி வழிவிட்டான். நாலு எட்டு இருக்குமா, அதற்கே ஊரைச் சுற்றிவந்தது போல இருந்தது. வலது பக்கம் வந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று தோன்றிற்று. மடலில் நரைத்த ரோமம், ஒரு சின்ன மச்சம். சாதாரணக் காது. கேட்கிற காது. வெளியே கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"கூனிக் குறுகி நிக்கலைடா" என்றார். குரல் தனக்கே பெரிதாகக் கேட்டது, வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த பையனின் குரல் போல. "உனக்காகவும் இல்ல. கத்தினது நீன்னே எனக்குத் தெரியாது. எனக்கு நல்லா இருந்துச்சு நேசா. ஜனம் அழுதது நல்லா இருந்துச்சு. வெளிச்சம் தலையில விழட்டும்னுதான் குனிஞ்சேன்."

நேசன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துத் திரும்பி அவரையே பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க ஏகாம்பரத்துக்குத் தைரியமில்லை. புருவத்தில் நின்ற நுரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது உடைந்து கன்னத்தில் இறங்கிற்று. ஹாரன் மறுபடியும் அடித்தது. "சார், வந்து உக்காருங்க, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுடறேன்" என்று தாமோதரன் பழைய நாற்காலியைத் தட்டிக் காட்டினான்.

ஏகாம்பரம் அங்கே போகவில்லை. நேசனின் வலது பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது, தொடையில் குத்திற்று. தாமோதரன் கிண்ணத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான்.

"கேட்டுச்சு" என்றான் நேசன். பிறகு கண்ணை மூடி, தழும்புத் தலையைச் செங்கோடனிடம் திரும்பக் கொடுத்துவிட்டு, "ம். அப்புறம்?" என்றான்.